சிரித்தால் கயிற்றை இழு

நான் வேலை பார்த்த இடத்தில், தண்ணீருக்குள் இருக்கிற ஆள் சிரிக்கிறார் என்று தெரிந்தால் உடனே கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துவிட வேண்டும். எதற்குச் சிரித்தார் என்பதைக் கரையில் உட்கார வைத்து அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை.

போன மாதம், அணைக்கட்டுகளில் சுழியோடி வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள், ஒரு பையனும் ஒரு பெண்ணும், என்னைப் பார்க்க வந்தார்கள். புதிதாக வாங்கிய மூச்சுக் கருவியைச் சாப்பாட்டு மேசையில் தூக்கி வைத்தார்கள். அதில் ஒரு சின்னத் திரை இருந்தது. பையை ஊதிப் பார்த்தாயா, சுண்ணாம்பு மாற்றினாயா என்று அதுவே ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால் வேலை செய்ய மறுக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் முகமூடிக்குப் பக்கத்தில் விளக்கு மின்னி, கிறுகிறுவென்று ஆடுகிறது. எனக்கு ஒரே குஷி. இருந்த பொத்தான் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பெண் கேட்டாள், "இதெல்லாம் இல்லாம அந்தக் காலத்துல எப்படிங்கம்மா சோதிச்சீங்க?"

"கேள்வி கேட்டுத்தான்," என்றேன்.

"கருவியையா?"

"கருவியையும் கேட்போம், ஆளையும் கேட்போம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயசான பொம்பளை, ஏதோ சொல்லுது என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் லூர்தம்மா. மலைநாட்டில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எங்கள் ஆட்கள் தேயிலை ஆலையை ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் தூள் சலிக்கும் பகுதியில் நான் வேலை பார்த்தேன். அறுபதுகள் தொடங்கின சமயம். ஒரு நாள் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் கட்டிய ஒரு குள்ள மனிதர், சாக்கு மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூட்டைக்குள் அரிசி அளவில் வெள்ளைக் கட்டிகள் இருந்தன. கப்பலிலும் ரயிலிலும் லொரியிலும் ஆடி ஆடி வந்ததில் பாதி தூளாகிவிட்டது, தூள் ஆகாது, கட்டி மட்டும் வேண்டும், ஒரு சல்லடை இரவல் கிடைக்குமா என்று கேட்டார்.

"என்னங்க இது?" என்றேன்.

"சுண்ணாம்பு, நங்கி. மூச்சு கழுவுற சுண்ணாம்பு."

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. மூச்சை எப்படிக் கழுவுவது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சலித்துக் கொடுத்தேன். தூளும் கட்டியும் தனித்தனியாக விழுவதைப் பார்த்து அவர் கைதட்டினார். அடுத்த கிழமையே அவரை வைத்திருந்த கொந்தராத்துக்காரர், அதாவது ஒப்பந்தக்காரர், எனக்கு வேலை கொடுத்தார். எங்கள் தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்குக் குடியுரிமை கிடையாது. அரசாங்க வேலை என்ற பேச்சுக்கே இடமில்லாத காலம் அது. கொந்தராத்து வேலை என்றால் எவரும் சேரலாம்.

அந்த டை கட்டிய மனிதர்தான் பியதாச மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. கடற்படையில் சுழியோடியாக இருந்துவிட்டு மலைக்கு வந்தவர். எங்கள் குழுவுக்குத் தலைவர். வேலை என்னவென்றால், நோர்வூட்டைத் தாண்டி ஒரு சிறிய அணை இருந்தது. மின்சாரத்துக்குத் தண்ணீர் போகிற வாயில் இரும்புக் கம்பிச் சல்லடை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் தோட்டங்களில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலார்க் குச்சி எல்லாம் அடித்துக்கொண்டு வந்து அந்தக் கம்பிகளில் சிக்கிவிடும். தண்ணீர் போகாது. மின்சாரம் குறையும். வாய்க் கதவை மூடிவிட்டு யாராவது கீழே இறங்கிக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். கதவை மூடியதும் அதன் சாவியைப் பியதாச மாத்தயா தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சுழியோடி மேலே வந்து, பால் விடாத சாயத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அந்தச் சாவி பையைவிட்டு வெளியே வராது.

காற்றை அழுத்தி அடைக்கிற இயந்திரம் அன்றைக்கு மலையில் எங்கும் இல்லை. அதனால் கடற்படை கழித்துப் போட்ட பழைய மூச்சுக் கருவிகளைத்தான் பயன்படுத்தினோம். செட் என்றுதான் சொல்வோம். நெஞ்சில் ஒரு ரப்பர் பை, அதற்கும் வாய்க்கும் நடுவே சுண்ணாம்பு அடைத்த டப்பா, இடுப்பில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். ஊதிவிடுகிற மூச்சு வெளியே போகாது. சுண்ணாம்பு வழியாகப் போகும்போது கெட்ட காற்று அதில் தங்கிவிடும். மிச்சம் பைக்குப் போய், திரும்பவும் வாய்க்கு வரும். பை தளர்ந்தால் சுழியோடி குழாயைத் திறந்து கொஞ்சம் ஆக்சிஜன் விட்டுக்கொள்வார். அவ்வளவுதான். ஒரு குமிழி மேலே வராது. கரையில் நிற்பவருக்குக் கீழே ஆள் இருப்பதே தெரியாது. கையில் இருக்கிற கயிறுதான் பேச்சு.

பியதாச மாத்தயா எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். வேலை தொடங்குமுன் செட்டுக்கு முன்னால் நேராக நின்று, "கொஹொமத நோனா?" என்பார். எப்படி இருக்கிறீர்கள், அம்மணி என்று சிங்களத்தில் நலம் கேட்பது. முதல் நாள் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் கோபப்படவில்லை.

"சாமான நலமான்னு கேட்டுப் பாருங்க நங்கி. கை தானா மெதுவாப் போகும்," என்றார்.

சேறு முழங்காலளவு இருந்தாலும் டை கழுத்தில் இருக்கும். ஆளைப் பார்த்து "சரியா?" என்று மட்டும் கேட்கவே மாட்டார். "சரியான்னு கேட்டா செத்தவன்கூட தலையாட்டுவான்," என்பார். அதற்குப் பதில் ஏடாகூடமாக ஏதாவது கேட்பார். உங்க வீட்டுல எத்தன கோழி? பெரியம்மாவுக்கு எத்தன பிள்ளை? செட்டை வாயில் வைத்துக் கரையில் உட்கார்ந்திருக்கும் ஆள் விரலால் பதில் காட்ட வேண்டும். பதில் தாமதமானாலோ தப்பானாலோ மூளைக்குச் சரியான காற்றுப் போகவில்லை என்று அர்த்தம்; எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. பெரியம்மாவுக்கு எத்தனை பிள்ளை என்று உண்மையிலேயே தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் நாளே எனக்கு ஒரு சோதனை. நான் செட்டுக்குப் பக்கத்தில் போனதும் மாத்தயா மூக்கை உறிஞ்சினார்.

"தேங்கா எண்ணெ?"

"ஆமாங்க. தலைக்கு."

இரண்டடி பின்னால் போகச் சொன்னார். ஆக்சிஜன் அழுத்தமாக வருகிற இடத்தில் எண்ணெய்ப் பசை பட்டால் தீப்பெட்டி தேவையில்லை, தானாகவே பற்றிக்கொள்ளும் என்று விளக்கினார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதாது, தலையிலிருந்து கைக்கு வரும், ஆகவே தலையிலும் எண்ணெய் கூடாது. அன்றைக்கே சீயக்காய் போட்டு முழுகினேன். மறுநாள் காலை என் முடி காற்றில் ஒரு முழம் விரிந்து நின்றது. தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம். அம்மா லயத்து வாசலில் மறித்தாள்.

"ஏன்டி பரட்டத் தலையோட போற? யாரு செத்தா?"

"வேலைக்கு எண்ணெ ஆகாதும்மா. தீப்பிடிச்சிக்கும்."

"தலையில எண்ணெ வச்சா தீப்பிடிக்கிற வேலைக்கு எந்தக் கொமரியாச்சும் போவாளா?"

லயம் முழுக்க அதுதான் பேச்சு. நான் தலையைச் சிலுப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

பழகின காலத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இரண்டு மழைக்காலத்தில் வேலை கைக்கு வந்துவிட்டது. ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். கருப்பையா அண்ணன் எங்கள் சுழியோடிகளில் ஒருவர். அதிகம் பேசாத, பலசாலியான ஆள். ஒரு நாள் இறங்கின கொஞ்ச நேரத்திலேயே மேலே வந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மாத்தயா டப்பாவைத் திறந்து பார்த்தார். ஹட்டன் களஞ்சியத்தில் நான் கழுத்துமுட்ட நிரப்பின சுண்ணாம்பு, லொரி அத்தனை வளைவிலும் குலுங்கி வந்ததில் படிந்துபோய், மேலே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. மூச்சு சுண்ணாம்பைத் தொடாமல் அந்தச் சந்தில் ஓடிவிட்டது. கழுவாத மூச்சையே அண்ணன் திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறார்.

அன்றிலிருந்து நிரப்புவதைத் தண்ணீர்க் கரைக்கு மாற்றினோம். முதலில் சலிப்பேன். கால் டப்பா போட்டுப் பக்கத்தைத் தட்டுவேன், பிறகு இன்னும் கால், திரும்பத் தட்டல். கடைசியில் மூடியை அழுத்தி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே சலசலப்பு கேட்டால் இடம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சத்தமும் வரக்கூடாது. பிறகு பையை ஊதி, வாய்க் குழாயின் திருகியை அடைத்து, பலகைக்கடியில் வைத்து, அது தளராமல் நிற்கிறதா என்று பார்ப்போம். அடுத்து அதே பையை உறிஞ்சி ஒட்ட வைத்து, ஒட்டியபடியே இருக்கிறதா என்று பார்ப்போம். தானாக உப்பினால் எங்கோ ஓட்டை. அப்புறம் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுவோம். ஓட்டை வழியாகத் தண்ணீர் சுண்ணாம்பில் பட்டால் காரத் தண்ணீராகி வாயை வேகவைத்துவிடும்.

எல்லாம் முடிந்தபின்தான் முக்கியமான கட்டம். பையைக் காலியாக்கி ஆக்சிஜன் நிரப்ப வேண்டும். சுழியோடி அதை நெஞ்சு நிறைய இழுத்து மூக்கால் வெளியே விட வேண்டும். திரும்பவும் நிரப்ப வேண்டும், இழுக்க வேண்டும், விட வேண்டும். இப்படி மூன்று தடவை. நெஞ்சைக் கழுவுவது என்போம். நாம் சாதாரணமாக மூச்சுவிடும் காற்றில் பெரும்பங்கு உடம்புக்கு உதவாத காற்றுதான். அது நெஞ்சிலும் பையிலும் தங்கினால் பை எப்போதும் உப்பலாகவே இருக்கும். உப்பலாக இருப்பதால் சுழியோடி குழாயைத் திறக்க மாட்டார். உள்ளே இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது மூச்சு முட்டாது. வலிக்காது. சந்தோஷமாக இருக்கும். அதுதான் பயங்கரம். குடித்தவன் மாதிரி ஒரு மிதப்பு வரும், சிரிப்பு வரும், அப்புறம் விளக்கை அணைத்த மாதிரி எல்லாம் நின்றுவிடும்.

"மூச்சு வாங்கினா சுண்ணாம்பு. ஒதடு துடிச்சா ஆழம். சிரிப்பு வந்தா காத்து," என்று மாத்தயா பாடம் சொல்வார். ஆழம் அதிகமானால் அதே ஆக்சிஜன் வலிப்பைக் கொண்டுவரும். அதனால் கயிற்றில் சிவப்புத் துணி கட்டி, அதற்குமேல் விடமாட்டோம்.

இந்தச் சிரிப்பு விஷயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அந்தச் சிக்கலின் பெயர் ராயப்பன்.

ராயப்பன் எங்கள் இன்னொரு சுழியோடி. லிந்துலைப் பக்கம். அவர் ஆற்றில் நீந்திப் பழகியவர். கோயில் திருநாள்களில் டிரம் அடிப்பார். திருநாள் இல்லாத நாள்களில் லொரிக் கதவு, சுண்ணாம்பு டின், கருப்பையா அண்ணன் முதுகு என்று எது கிடைத்தாலும் அடிப்பார். அவர் வருத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. என் விரிந்த தலையைப் பார்த்து, "இந்தக் குழுவுலயே பெரிய ஆளு நீதான் புள்ள, தலை மட்டும் ரெண்டாளு அகலம்," என்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். அதற்கப்புறம் என்ன, வீட்டில் பேசி, சாமியாரிடம் சொல்லி, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மூன்றாம் ஓலை வாசித்து, அந்த வாரக் கடைசியில் கல்யாணம் என்று நிச்சயமான சமயத்தில் பெருமழை. சல்லடை முழுவதும் அடைத்துக்கொண்டது. ஹட்டன் பக்கம் ஸ்டோர்களில் எல்லாம் இயந்திரம் திக்கித் திணறியது. எங்களை உடனே வரச் சொன்னார்கள்.

அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்தது. லொரியில் போகும்போதே எல்லோருக்கும் ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. அதிகம் பேசாத கருப்பையா அண்ணன்கூடக் கல்யாணப் பாட்டு ஒன்றைக் கரகரத்த குரலில் எடுத்தார். ராயப்பன் தகர டப்பாவில் தாளம் போட்டார். மாத்தயா முன்னால் உட்கார்ந்து கேட்காத மாதிரி பார்த்துக்கொண்டே தோளை ஆட்டினார். எனக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு.

கரையில் ஒரு சோதனையையும் நாங்கள் விடவில்லை. அதை உறுதியாகச் சொல்வேன். சுண்ணாம்பு சத்தமில்லாமல் அடைந்திருந்தது. பை நின்றது, ஒட்டியது. தொட்டியில் ஒரு குமிழி இல்லை. ராயப்பன் கரையோடு கட்டியிருந்த மிதவைப் பலகையில் உட்கார்ந்து, செட்டை வாயில் கவ்வி, மூன்று தடவை நெஞ்சைக் கழுவினார். மாத்தயா அவருக்கு முன்னால் குந்தினார். நாங்கள் எல்லோரும் கேள்விக்காகக் காத்திருந்தோம்.

"ராயப்பன்," என்றார் மாத்தயா மிகவும் கனமான குரலில். "கல்யாணச் சேல என்ன நெறம்?"

ராயப்பன் விரலைத் தூக்கினார். நிறத்துக்கு விரல் ஏது? கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முறைப்படி திருகியை அடைத்துவிட்டு, வாயிலிருந்து செட்டை எடுத்தார்.

"அத நான் பாக்கக் கூடாதாம் மாத்தயா. ஆனா லூர்து கட்டிக்கிட்டா சாக்கும் பட்டுதான்."

மிதவையே குலுங்கச் சிரித்தோம். அவர் செட்டைத் திரும்பக் கவ்வி, திருகியைத் திறந்து, கட்டை விரலைக் காட்டிவிட்டுத் தண்ணீரில் சரிந்தார்.

கயிறு என் கையில். நான் ஒரு தடவை இழுத்தால் "இருக்கீங்களா" என்று அர்த்தம். அவர் ஒரு தடவை இழுத்தால் "இருக்கேன்". நான் இரண்டு தடவை இழுத்தால் "மேல வாங்க". அவரும் இரண்டு இழுத்தால் "வாறேன்". தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மிலார்க் கட்டுகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. கருப்பையா அண்ணன் தயாராக இன்னொரு செட்டுடன் உட்கார்ந்துகொண்டே அவற்றைக் கொக்கி போட்டு ஒதுக்கினார்.

பிறகு மிலார் வருவது நின்றது. நான் ஒரு தடவை இழுத்தேன். பதிலுக்குக் கயிறு ஆடியது. ஒரு தடவை அல்ல. டக்கு டக்கு, டடக்கு டக்கு. திருநாளில் தேர் கிளம்பும்போது அவர் அடிக்கிற அடி.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தண்ணீருக்கடியில் இருந்துகொண்டு எனக்காகக் கல்யாண மேளம் வாசிக்கிறாரே என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான். செய்யாவிட்டால்தான் ஆச்சரியம். திரும்ப ஒரு தடவை இழுத்தேன். திரும்பவும் மேளம். ஆனால் இந்தத் தடவை அடி கொஞ்சம் குழைந்திருந்தது. கடைசி அடி வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கயிறு சும்மா கிடந்தது, பிறகு எப்போதோ ஒரு சின்ன ஆட்டம்.

ராயப்பன் தாளம் தப்ப மாட்டார். தூங்கி எழுந்து அடித்தாலும் தப்ப மாட்டார்.

"மாத்தயா," என்றேன்.

"எப்படி இருக்கான்?"

"சந்தோஷமா இருக்காருங்க."

"எவ்வளவு சந்தோஷம்?"

"தாளம் தப்புது மாத்தயா."

"இழுங்க," என்றார்.

நான் இழுத்தேன். மாத்தயாவும் எனக்குப் பின்னால் பிடித்தார். கயிறு கல்லைக் கட்டின மாதிரி கனத்தது. கருப்பையா அண்ணன் தண்ணீரில் குதித்த சத்தம் கேட்டது. முதலில் ஒரு கை வந்தது. பிறகு முகம். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. கண் மூடியிருந்தது. செட்டைக் கவ்வியிருந்த வாயோரத்தில் அத்தனை நிம்மதியான ஒரு புன்னகை. அந்தப் புன்னகையைப் போலப் பயங்கரமான ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அண்ணன் திருகியை அடைத்துச் செட்டை வாயிலிருந்து பிடுங்கினார். பலகையில் தூக்கிப் போட்டோம். மாத்தயா அவர் தாடையைத் தூக்கி, கன்னத்தில் தட்டி, "ஹுஸ்ம கண்ண, ஹுஸ்ம கண்ண," என்று மூச்சு விடச் சொல்லிச் சிங்களத்திலேயே கத்தினார். நான் ராயப்பன் கையைப் பிடித்துக்கொண்டு எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன்.

நெஞ்சு ஒரு தடவை எழும்பியது. இன்னொரு தடவை. கறுப்பு உதட்டில் மெதுவாக நிறம் ஏறியது. கண்ணைத் திறந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை:

"ஏன் இழுத்தீங்க? நான் வேல செஞ்சிக்கிட்டுல்ல இருந்தேன்."

"மயங்கிக் கெடந்தீங்க," என்றேன்.

"மயங்கல புள்ள. கண்ண மூடி யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"என்ன யோசிச்சீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "அது ஞாபகம் இல்ல."

நான் அழுதுகொண்டே அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஊர் பார்க்க நான் அவரைத் தொட்டது அந்த அடிதான்.

மாத்தயா அவருக்குப் போர்வை போர்த்திச் சாயத்தண்ணி கொடுத்துவிட்டு, "யாரும் செட்டத் தொடக் கூடாது," என்றார். செட்டைப் பலகையில் வைத்து அதற்கு முன்னால் நின்றார். நலம் கேட்கவில்லை. சிலிண்டரைத் திறந்தார். ஆக்சிஜன் இருந்தது. டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு வேலை செய்தால் சூடாகும். சூடாகத்தான் இருந்தது. பையைத் தொட்டியில் அமுக்கினார். குமிழி இல்லை. பை உப்பலாக இருந்தது.

"நெறைய காத்து இருக்கு. ஆனா என்ன காத்து?" என்றார்.

சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு காலி ஜாம் போத்தலை எடுத்து, பையிலிருந்த காற்றை அதில் நிரப்பி, செட்டுகளை விட்டு நன்றாகத் தள்ளிக் கொண்டுபோனார். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி உள்ளே போட்டார். தண்ணீரில் போட்டது போல அணைந்தது. அடுத்து கருப்பையா அண்ணனுடைய செட்டிலிருந்து அதே போத்தலை நிரப்பி இன்னொரு குச்சியைப் போட்டார். அது பளீரென்று வெள்ளையாக எரிந்தது. வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ராயப்பன் சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒதவாத காத்து எப்படி உள்ள போச்சி?" என்று மாத்தயா எங்களைப் பார்த்துக் கேட்டார். பிறகு அவரே நின்றுவிட்டார். முகம் மாறியது.

"நான் கேள்வி கேட்டேன்," என்றார் மெதுவாக. "விரலால சொல்ல முடியாத கேள்வி. அவன் செட்ட எடுத்தான், பேசினான், சும்மாக் காத்த நெஞ்சு நெறைய இழுத்தான், அதோட போய் செட்டுக்குள்ள ஊதினான். கழுவின நெஞ்சு திரும்ப அழுக்காச்சி. கோளாறு ஒண்ணுமில்லாத செட்டையும் நல்ல ஆளையும் நான்தான் கெடுத்தேன். சோதன பண்றேன்னு சொல்லிக் கெடுத்தேன்."

ராயப்பன்தான், "விடுங்க மாத்தயா, கேள்வி நல்ல கேள்வி," என்றார்.

"நல்ல கேள்விதான்," என்றார் மாத்தயா. "அதுதான் மோசம்." பிறகு டையைச் சரிசெய்துகொண்டு, எங்கள் மூவருக்கும் முன்னால் அணிவகுப்பில் நிற்பது போல நின்று சொன்னார். "இன்னைக்கிலயிருந்து, கழுவின பெறகு வாய்ல இருந்து செட்ட எடுத்தா, எடுக்க வச்சது நானா இருந்தாலும் சரி, அந்தோனியார் நேர்ல வந்து கேட்டாலும் சரி, மொதல்லயிருந்து."

அன்றைக்கு வேறு யாரையும் அவர் இறக்கவில்லை. மேலிடத்து ஆள் ஒருவர் ஜீப்பில் வந்து, இன்னும் எவ்வளவு நேரம் ஸ்டோர்களை நிறுத்தி வைப்பது என்று சத்தம் போட்டார். மாத்தயா பையிலிருந்த சாவியைத் தட்டிக் காட்டி, "நாளைக்கி," என்றார். மறுநாள் கருப்பையா அண்ணன் இறங்கி மிச்சத்தை முடித்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ராயப்பன் இதை எழுதும்போதும் பக்கத்தில் நின்று, மயங்கல என்று எழுது என்கிறார். எழுதிவிட்டேன். நான் அந்த வேலையில் ஓய்வுபெறும் வரைக்கும் இருந்தேன். எத்தனையோ அணைகள், எத்தனையோ சுழியோடிகள். என் கயிற்றில் யாரையும் இழக்கவில்லை. பியதாச மாத்தயா போட்ட அந்தச் சட்டத்தை நான் ஒருவருக்கும் தளர்த்தவில்லை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், வேலை இல்லாத ஒரு மத்தியானம், மாத்தயா என்னிடம் கேட்டார், "நங்கி, சுண்ணாம்பு அடைக்கிறது நீங்க. அந்தக் காத்து எப்படின்னு தெரிய வேணாமா?"

வேண்டும் என்றேன். இரண்டாவது தடவை கேட்க விடவில்லை. ராயப்பனின் பனியனையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டு லொரிக்குப் பின்னாலிருந்து வந்தேன். கருப்பையா அண்ணன் மரியாதைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். நானே சலித்து நானே அடைத்த சுண்ணாம்பு. நானே ஊதிப் பார்த்த பை. மூன்று தடவை நெஞ்சைக் கழுவினேன்.

"நம்ம லொரிக்கு எத்தன டயர்?" என்றார் மாத்தயா.

ஐந்து விரலைக் காட்டினேன்.

"நாலு. எழும்புங்க, மொதல்லயிருந்து."

என்னால் பேச முடியாது. கையை ஆட்டினேன். கயிற்றைப் பிடித்திருந்த ராயப்பன்தான், "ஸ்பெயர் டயரோட அஞ்சு மாத்தயா," என்று எனக்காக வாதாடினார். மாத்தயா எழுந்து போய் லொரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "ஹரி," சரிதான் என்று சிங்களத்தில் ஒத்துக்கொண்டார்.

கரையோரம், என் உயரத்துக்குக் கொஞ்சம் கூடின ஆழம்தான். தலை உள்ளே போனதும் சத்தமெல்லாம் நின்றது. என் மூச்சு மட்டும் போய் வந்தது. சுண்ணாம்பு வழியாக வருகிற காற்று இளஞ்சூடாக, ரப்பர் வாசனையோடு இருந்தது. ஒரு குமிழி இல்லை. சின்ன மீன்கள் ஓடவில்லை. என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து, இது என்ன புது மரம் என்பது போல நின்றன. எனக்குப் பயமே இல்லை. ஒரு கல்லைப் பிடித்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன்.

அப்போதுதான் மேலே மழை தொடங்கியது. தலைக்கு மேல் வெள்ளித் தகடு போல இருந்த தண்ணீரில் ஒரு புள்ளி குத்தியது. பிறகு இன்னொன்று. பிறகு ஆயிரம். ஒவ்வொரு துளியும் உள்ளே ஒரு சின்ன மணி போல இறங்கி, வெளிச்சத்தை உடைத்து, திரும்ப மேலே போனது. பிறந்ததிலிருந்து மழையில் நனைந்தே வளர்ந்தவள் நான். கொழுந்துக் கூடையோடு நின்ற அம்மாவின் முதுகில் விழுந்த மழை, லயத்துத் தகரத்தில் அடித்த மழை, எல்லாம் எனக்குத் தெரியும். அதன் இந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. கயிறு ஒரு தடவை இழுபட்டது. இருக்கேன் என்று இழுத்தேன். இரண்டு தடவை இழுபட்டது. மனசில்லாமல் வாறேன் என்றேன்.

மேலே வந்ததும் எல்லோரும் நனைந்து நின்றார்கள். மாத்தயா குடையைக்கூட விரிக்கவில்லை.

"நங்கி, என்ன பாத்தீங்க?"

"மழையோட அடிப்பக்கம் பாத்தேன் மாத்தயா."

அவர் ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

"நான் எத்தன வருஷம் கீழ போயிருக்கேன்," என்றார். "எப்பவும் வேலையத்தான் பாத்தேன். மேல பாத்ததே இல்ல."

கழுத்திலிருந்த டையை அவிழ்த்து லொரியில் இருந்த ஒரு ஆணியில் மாட்டினார். காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார். இன்னொரு செட்டைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார். மழை விட்டுவிடுமோ என்று ராயப்பன் அடிக்கடி மலையைத் திரும்பிப் பார்த்தார். மாத்தயா அவசரப்படுத்தவில்லை. நானும் அவசரப்படவில்லை. தலையைத் துவட்டி, கையைக் கழுவி, சுண்ணாம்பைச் சலித்து, கால் டப்பாவாகப் போட்டுத் தட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தேன். பையை ஊதிப் பார்த்தோம், உறிஞ்சிப் பார்த்தோம், தொட்டியில் அமுக்கிப் பார்த்தோம். எல்லாம் முடிந்து அவர் செட்டை வாயில் கவ்வி என்னைப் பார்த்தபோதும், மழை பெய்துகொண்டுதான் இருந்தது.